புதுநன்மை கவுனில் கொட்டிய ஒயின் சோப்பு போட்டதும் நீலமாகிவிட்டது, இனி போகுமா?

மண்டபம் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இதுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயின், பெரிய மகள் முதல் நற்கருணை வாங்கப் போட்ட வெள்ளை புதுநன்மை கவுனில் கொட்டிவிட்டது. உடனே உப்பைத் தூவியிருக்கிறார்கள். அப்புறம் துணி சோப்புக் கட்டியைத் தேய்த்து, போர்வெல் தண்ணீரில் கசக்கியிருக்கிறார்கள். சிவப்பாக இருந்த கறை நீலமும் சாம்பலுமாக மாறி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கவுனைச் சின்ன மகளுக்குப் போடவேண்டும். அப்பாவின் பட்டு வேட்டியிலும் நாலைந்து துளி தெறித்திருக்கிறது. "ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறப்போடலாமா?" என்று கேள்வி முடிகிறது. ப்ளீச்சிங் பவுடரைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். சோப்பு போட்டதால் துணியைக் கெடுத்துவிட்டோமோ, இனி வழியே இல்லையோ என்பதுதான் உங்கள் கவலை. துணி கெடவில்லை, வழியும் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடரை மட்டும் தொடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியையும் கறை முழுசாகப் போகும்வரை அந்தத் துணிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நான் துணிப் பதனிடும் வேதியியல் படித்தவன். திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பல வருடங்களாக இராமநாதபுரத்தில் சலவை நிலையம் நடத்துகிறேன். திருப்பூரில் கற்றதில் பாதியை இங்கே வந்து திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது, காரணம் தண்ணீர். இந்தக் கடற்கரையில் கறை எடுக்கிற வேலை மருந்தில் ஆரம்பிப்பதில்லை, தண்ணீரில் ஆரம்பிக்கிறது. உங்கள் கவுனுக்கு நடந்ததும் அதுதான்.

சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற சாயத்திலிருந்து வருகிறது. நாவல் பழத்தில், சங்குப்பூவில் இருப்பதும் இதே குடும்பம்தான். புளிப்பு பட்டால் சிவக்கும், காரத்தன்மை பட்டால் நீலமாகும், காரம் இன்னும் ஏறினால் பச்சை கலந்த மஞ்சளாகும். சங்குப்பூ போட்ட வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிச் சிவக்குமே, அதையே உங்கள் கவுன் தலைகீழாகச் செய்திருக்கிறது. ஒயின் புளிப்பானது, அதனால் சிவப்பாக இருந்தது. சோப்புக் கட்டி காரமானது, அதனால் நீலமானது. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவப்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். சாயம் வேறு, ஆனால் காரணம் ஒன்றே. ஆக, நீலமானது புதுக் கறை இல்லை, கறை ஆழமாக இறங்கியதற்கு அடையாளமும் இல்லை. அதே சாயம் நிறம் மாறி நிற்கிறது. இது உறுதியான விஷயம்.

சாம்பல் நிறத்துக்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒயினில் சாயத்தோடு துவர்ப்புப் பொருளும் உண்டு, டானின் என்போம். தண்ணீரில் இரும்பு இருந்தால் டானின் அதோடு சேர்ந்து கறுக்கும். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் கறுப்பு மை காய்ச்சியது இந்த வினையை வைத்துத்தான். உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகிறதா? ஒரு வாளி பிடித்து இராத்திரி முழுக்க வைத்தால் அடியில் துருநிறத்தில் வண்டல் தங்குகிறதா? இரண்டில் ஒன்று நடந்தாலும் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த காரணம் உப்புத் தண்ணீரின் கடினத்தன்மை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையாகாமல் திரிந்து, பிசுபிசுப்பான அழுக்காக நூலில் ஒட்டிக்கொள்ளும். கறையும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, டானின் கறைக்குக் கட்டி சோப்பு எப்போதும் ஆகாது. கறை எடுக்க இன்னும் சிரமமாகிவிடும். சோப்புத்தூள், பாத்திரம் துலக்கும் திரவம் போன்ற டிடர்ஜென்ட் வகை பரவாயில்லை.

அதனால் முதல் வேலை நல்ல தண்ணீர். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ, தள்ளுவண்டியில் குடத்துக்கு விலை கொடுத்து வாங்குவதோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ, எது கிடைத்தாலும் சரி. இராமேஸ்வரம் தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு மணலில் ஆழமில்லாத ஊற்றுக்கிணறு இருந்தால் அது அருமையான தண்ணீர். மேலே இனிக்கும் அதே இடத்தில் ஆழத் துளைபோட்டால் உப்பு வந்துவிடும். குடிக்கிற தண்ணீரைத் துணிக்கு ஊற்ற மனது வராது என்று தெரியும். ஒரு கவுனின் கறைபட்ட பகுதிக்கு மொத்தமே இரண்டு குடம் போதும். மீதித் துவைப்பை எல்லாம் போர் தண்ணீரிலேயே செய்துகொள்ளுங்கள். கறையோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் மட்டும் உப்புத் தண்ணீர் வேண்டாம்.

அடுத்து, துணி என்ன என்று தெரியவேண்டும். புதுநன்மை கவுன் என்றால் பெரும்பாலும் மேலே பாலியஸ்டர் சாட்டின், அதன்மேல் நெட், உள்ளே பருத்தி லைனிங் என்று மூன்று துணி இருக்கும். உள்தையலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலைப் பிரித்து, சாமணத்தில் பிடித்துத் தொட்டிக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டரும் நைலானும் சுருங்கி உருகி, ஆறினதும் கடினமான உருண்டையாகும். பட்டும் கம்பளியும் முடி கருகின நாற்றம் அடிக்கும். பாலியஸ்டருக்குள் ஒயின் அவ்வளவாக இறங்காது, அதனால் மேல்துணி சீக்கிரம் வெளுத்துவிடும். நிஜமான வேலை லைனிங்கில்தான் இருக்கும். முடிந்தால் கறை இருக்கும் இடத்தில் லைனிங்கைத் தையல் பிரித்துத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டவைத்த கல், முத்து இருந்தால் சூடான தண்ணீர் படக்கூடாது, பசை விட்டுவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். கறைபட்ட இடத்தை நல்ல தண்ணீரில், குளிர்ந்த நீரிலேயே, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து அலசுங்கள். தேய்க்கவேண்டாம். உப்பும் சோப்பும் முதலில் வெளியே போகட்டும். பிறகு நிறமில்லாத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, அரை மணி நேரம் அதில் கிடக்க விடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாற்றை வடிகட்டிப் பயன்படுத்தலாம். புளி கரைத்து ஊற்றாதீர்கள், அதன் பழுப்பு வேறு ஏறிவிடும். இந்தப் புளிப்பு நீர் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்கிறது. நூலில் ஒட்டிய சோப்புத் திரிபைக் கரைக்கிறது, இரும்பைக் கொஞ்சம் இளக்குகிறது, சாயத்தைத் தண்ணீரில் எளிதாகக் கரையும் சிவப்பு நிலைக்குத் திருப்புகிறது. ஊற்றிய சில நிமிடத்தில் நீலம் ரோஜா நிறமாகத் திரும்பும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது. அலச அலச அது இளகிப் போகும்.

நீலம் போய், சாம்பல் மட்டும் அசையாமல் நின்றால் அது இரும்பு. சமையல் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் கலந்து, அந்த இடத்தில் அரை மணி வைத்து அலசுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை செய்யலாம். ஆக்ஸாலிக் அமிலம் இதைவிட வேகமாக வேலை செய்யும், எங்கள் தொழிலில் வைத்திருப்போம். ஆனால் அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விதிவிலக்கு. சில வீடுகளில் ஒயினுக்கு நிறம் கூட்ட கடையில் விற்கும் சிவப்புக் கலர் பொடியோ எசன்ஸோ சேர்ப்பதுண்டு. அப்படிச் சேர்த்திருந்து, உங்கள் நெட் துணி நைலானாகவும் இருந்தால், வினிகர் போடாதீர்கள். உணவுக் கலர்கள் பெரும்பாலும் அமிலச் சாய வகை. நைலானுக்கும் பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றும்போது புளிப்பும் சூடும் கொடுத்துத்தான் ஏற்றுவோம். அங்கே வினிகர் கறையை எடுப்பதற்குப் பதிலாகச் சாயமே போட்டுவிடும். அதற்குக் குளிர்ந்த தண்ணீரும் டிடர்ஜென்ட்டும் மட்டும் போட்டுத் திரும்பத் திரும்ப அலசுங்கள். போகாவிட்டால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர்கள் ஹைட்ரோஸ் என்ற நிறம் நீக்கும் மருந்தைப் போட்டு நிறத்தை உடைப்பார்கள், வீட்டில் செய்கிற வேலை இல்லை அது. சர்க்கரையைக் கருக்கி நிறம் கொடுத்திருந்தால் கவலையே இல்லை, தண்ணீரில் கரைந்துவிடும். பீட்ரூட் சேர்த்திருந்தாலும் கீழே சொல்லும் பெராக்சைடுக்குப் பெரும்பாலும் மசியும். என்ன சேர்த்தீர்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அமிலக் குளியல் முடிந்து நன்றாக அலசியபின் மிஞ்சுகிற வெளிறிய கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் பாட்டில் வழக்கமாக 6 சதவீதம், 20 வால்யூம் என்றும் போட்டிருக்கும். அதற்குச் சமமாக நல்ல தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகும், வீட்டு வேலைக்கு அது போதும். பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி, சமையல் சோடா ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் வெளியே தெரியாத உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து அரை மணி பாருங்கள். நிறமோ துணியோ மாறாவிட்டால் கறைமேல் ஊற்றி, காய்ந்துவிடாமல் ஈரமாகவே அரை மணி முதல் ஒரு மணி வரை வைத்து அலசுங்கள். கறை மெலிந்துகொண்டே வந்தால் மறுபடி செய்யுங்கள். கலந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும், மூடிபோட்டு வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். வேனிஷ் போன்ற கறை நீக்கும் பொடிகளில் இருக்கும் சோடியம் பெர்கார்பனேட்டும் தண்ணீரில் இதே பெராக்சைடைத்தான் வெளிவிடுகிறது. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், 40 டிகிரி வாக்கில், நன்றாக வேலை செய்யும். பருத்தி லைனிங்குக்கு அது எனக்குப் பிடித்த வழி.

இரும்பை முதலில் எடு, பிறகு பெராக்சைடு போடு என்கிற வரிசையை மாற்றவே கூடாது. நூலில் துரு இருக்கும் இடத்தில் பெராக்சைடு பட்டால், இரும்பு அந்த வினையைத் தாறுமாறாக வேகப்படுத்தி நூலையே அரித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு துவைப்பு கழித்து, கறை இருந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள் வரும். சாயப்பட்டறைகளில் வெளுப்புத் தொட்டியில் இரும்பு சேராமல் காவல் காப்பது இதற்காகத்தான். உப்புக் காற்றில் கொடிக்கம்பி, ஆணி, வாளிக் கைப்பிடி எல்லாம் துருப்பிடிக்கும் நம் ஊரில் இதை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். இந்த வேலைக்குப் பிளாஸ்டிக் டப் அல்லது எவர்சில்வர் பாத்திரம், காயப்போட நைலான் கயிறு.

ப்ளீச்சிங் பவுடர் ஏன் வேண்டாம் என்றால், முதலாவது, அதன் குளோரின் நைலானையும் எலாஸ்டிக்கையும் கெடுக்கும், புதுத் துணியின் பளீர் வெண்மைக்காகப் போட்டிருக்கும் பொருளை அழித்துவிடும். வெள்ளையாக்கப் போய் மங்கின மஞ்சள்தான் கிடைக்கும். இரண்டாவது, துருக் கறை இருந்தால் அதை இன்னும் அழுத்திவிடும். மூன்றாவதுதான் பயப்படவேண்டியது. வினிகரோ எலுமிச்சையோ கழிவறை கழுவும் ஆசிட்டோ இருக்கும் துணியில், பாத்திரத்தில் அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சுக்கே ஆபத்து. பெராக்சைடோடும் கலக்கக்கூடாது. முழுப் பருத்தி வெள்ளை வேட்டி, படுக்கை விரிப்பு என்றால், மற்ற எல்லாம் நன்றாக அலசிப் போனபின் கடைசி வழியாக, தெளிய வைத்து வடிகட்டி, நீர்க்கக் கலந்து, சில நிமிடம் காட்டி எடுக்கலாம். கவுனுக்கு வேண்டாம்.

உப்பைப் பற்றி. ஈரமான கறைமேல் உப்போ அரிசிமாவோ தூவினால் ஈரத்தை உறிஞ்சும், அந்த உதவி நிஜம். சாயத்தை அது அழிக்காது. காய்ந்த கறைக்கு உப்பால் பயனில்லை. வெள்ளை ஒயின் ஊற்றினால் போகும் என்று படித்திருப்பீர்கள். அது கறையை நீர்க்கச் செய்வதைத் தவிர வேறெதுவும் செய்வதாக நான் பார்த்ததில்லை, அதற்கு நல்ல தண்ணீரே போதும். பற்பசை, பால் இரண்டையும் விட்டுவிடுங்கள். கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றும் வழி, தூய பருத்தியில் புதுக் கறைக்குப் பலன் தரும், நாவல் பழக் கறைக்கு அப்படி எடுத்தும் இருக்கிறேன். ஆனால் சோப்பு ஏறிய உங்கள் கவுனுக்கு, அதுவும் மடிப்பு வைத்த பாலியஸ்டருக்கு, அது ஒத்துவராது. இஸ்திரி வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டு ஒயினில் சர்க்கரை அதிகம். கண்ணுக்குத் தெரியாமல் நூலில் மிஞ்சிய சர்க்கரை சூடு பட்டதும் பழுப்பாகும், சாயமும் இறுகும்.

நம் வெயில் பெரிய துணை. கடைசி அலசலுக்குப் பிறகு, மிச்சம் இருக்கும் லேசான நிழலை எலுமிச்சைத் தண்ணீரில் நனைத்து முழு வெயிலில் விரித்துவைத்தால் இரண்டு நாளில் இன்னும் மங்கும். வெயில் இந்தச் சாயத்தைச் சிதைக்கும். அதன்பின் மறக்காமல் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிடுங்கள். மூன்று சுற்றுப் பெராக்சைடுக்குப் பிறகும் கறை ஒரே நிலையில் நின்றால் அதோடு நிறுத்திவிடுவது நல்லது. லைனிங்கை மட்டும் மாற்றித் தைப்பது நூலை நைய விடுவதைவிடச் செலவு குறைவு. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை வைத்துப் பார்த்தால் அந்த நிலை வராது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் துணியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டேன்.

கிறிஸ்தவக் கோயில் பொறுப்பில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. திருக்கிண்ணம் துடைக்கும் துணியிலும் பீடத் துணியிலும் படும் திராட்சை இரசக் கறைக்கும் இதே வழிதான். முதல் அலசலை உங்கள் வழக்கப்படி மண்ணில் ஊற்றிவிட்டு, பிறகு வினிகர், பிறகு பெர்கார்பனேட். அவை பெரும்பாலும் லினன் அல்லது பருத்தி என்பதால் கவுனைவிட எளிது. பல கோயில்களில் வெளிறிய இரசத்தையே விரும்புவதற்கு இந்தக் கறையும் ஒரு காரணம். அருளானந்தர் திருத்தலமான ஓரியூர் போய்வந்த வெள்ளைத் துணியில் படியும் செம்மண் வேறு விஷயம், அது இரும்பு ஆக்சைடு. காயவைத்து உதறி, சிட்ரிக் அமிலம் போட்டு எடுக்கவேண்டும், ப்ளீச் ஆகாது.

மிச்சம் இருப்பது அப்பாவின் பட்டு வேட்டி. அதற்கு நான் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள். பெர்கார்பனேட்டின் காரம் பட்டை அரிக்கும், சரிகையில் புளிப்பு பட்டால் கறுக்கவும் கூடும். துளிகள் சரிகையைத் தொடாமல் இருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். அப்புறம் தாமதிக்காமல் டிரை கிளீனிங்கில் கொடுங்கள். வெறுமனே போட்டுவிட்டு வராமல், சர்க்கரை போட்ட வீட்டு ஒயின், இத்தனை நாளாகிறது, தண்ணீர் மட்டும் பட்டிருக்கிறது என்று சொல்லி, துளி விழுந்த ஒவ்வொரு இடத்தையும் காட்டிக் கொடுங்கள். டிரை கிளீனிங் திரவத்தில் சர்க்கரையும் ஒயின் சாயமும் தானாகக் கரையாது. இடம் தெரிந்தால்தான் அவர்கள் முதலில் அந்தந்தத் துளியைக் கையால் எடுத்துவிட்டு மெஷினில் போடுவார்கள்.